முதல் மெத்தை: முதுகுக்கு முன் அறையைப் பாருங்கள்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வருபவர்கள் கட்டில் வாங்கும் முன்பே கேட்கும் கேள்வி, எந்த மெத்தை முதுகுக்கு நல்லது என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அந்த மெத்தை எந்த அறையில் கிடக்கப்போகிறது? ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் நம்மவர்களில் பலருக்கு முதல் குடியிருப்பு ஒரு வீட்டின் பேஸ்மென்ட், அதாவது நிலமட்டத்துக்குக் கீழுள்ள அடித்தளம். ஓரிரு ஆண்டுகளில் அங்கிருந்து வேறிடம் மாறுவதும் வழக்கம். மெத்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான்.

முதலில் படிக்கட்டை அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் பக்கவாசலைத் திறந்ததும் படி குறுகலாகத் திரும்பிக் கீழே இறங்கும். குயின் அளவு மெத்தை 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். மெத்தையைச் சற்று வளைத்தாவது இறக்கிவிடலாம். அதன் அடியில் வைக்கும் பாக்ஸ் ஸ்பிரிங் மரச்சட்டத்தால் ஆனது, வளையவே வளையாது. திருப்பத்தில் சிக்கிக்கொண்டால் விநியோகம் செய்ய வந்தவர்கள் அதை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடையில் இதையும் சேர்த்து விற்கவே பார்ப்பார்கள். குறுக்குச்சட்டங்கள் நெருக்கமாக உள்ள கட்டில் இருந்தால் இது தேவையில்லை. சட்டங்களுக்கு இடையே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாவிட்டால் போதும்.

சுருட்டிப் பெட்டியில் அடைத்து வரும் மெத்தைகள் பேஸ்மென்டுக்கு மிகவும் வசதி. ஒருவரே படியில் இறக்கிவிடலாம். குளிர்காலத்தில் வந்திறங்கினால் மட்டும் சில மணி நேரம் அறைச் சூட்டில் வைத்துவிட்டுப் பிரியுங்கள். குளிரில் உறைந்த ஃபோம் சோம்பலாகத்தான் விரியும். முதல் சில நாட்களுக்கு இரசாயன வாடையும் இருக்கும். ஜன்னல் சிறிதாக உள்ள அறையில் அது போக நாளாகும்.

இனித் தரை. பாயில் படுத்துப் பழகிய நமக்கு மெத்தையைத் தரையில் போடுவது பெரிய விஷயமாகத் தெரியாது. ஊரில் இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் காயப்போட்டுத் தட்டி எடுப்போம். இங்கே பேஸ்மென்ட் தரை சில்லென்ற கொங்கிரீட். மெத்தையைக் காயவைக்க முற்றமும் இல்லை. இரவு முழுவதும் உடலிலிருந்து இறங்கும் ஈரம், மெத்தைக்கும் குளிர்ந்த தரைக்கும் நடுவே தங்கிவிடும். கோடையில் வெளிக்காற்றின் ஈரப்பதமும் அதே தரையில் வந்து படியும். சில மாதங்கள் கழித்து மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். எனவே எவ்வளவு மலிவானதானாலும் ஒரு கட்டில் வாங்கிவிடுங்கள். மெத்தையில் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை.

வகைகளைப் பொறுத்தவரை, மெமரி ஃபோம் 1966 இல் நாசாவுக்காக விமான இருக்கைகளை எண்ணி உருவாக்கப்பட்ட பொருள். உடற்சூட்டில் இளகி உடலின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். ஜனவரி இரவில் வெப்பம் சரியாக வராத பேஸ்மென்டில் படுத்த முதல் சில நிமிடங்கள் பலகைபோல் விறைப்பாக இருப்பதும், கோடையில் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதும் அதனால்தான். ஆனால் ஒருவர் புரண்டால் மற்றவருக்குத் தெரியாது. கணவன் இரவு வேலை முடித்து விடியற்காலையில் வந்து படுக்கிற வீட்டில் இது சாதாரண வசதியல்ல. சுருள்கள் ஒன்றோடொன்று பிணைந்த பழைய ஸ்பிரிங் மெத்தை விலை குறைவு, காற்றோட்டம் நல்லது, ஆட்டம் அதிகம். ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங்கில் அந்த ஆட்டம் குறையும். அதன்மேல் ஃபோம் அடுக்கு வைத்தது ஹைபிரிட். இரண்டு பேர் படுக்கும் பேஸ்மென்ட் அறைக்கு என் தேர்வு இதுதான். ரப்பர் நுரையாலான லேடெக்ஸ் நெடுநாள் உழைக்கும். ஆனால் கனமும் விலையும் அதிகம். அடிக்கடி வீடு மாறும் காலத்தில் எதற்கு?

கட்டாந்தரையே முதுகுக்கு மருந்து என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமானது. 2003 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஸ்பானிய ஆய்வில், நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். கடின மெத்தையைவிட நடுத்தரக் கடினம் உள்ளதில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

மாதக் கடைசியில் தெருவோரத்தில் பளிச்சென்று ஒரு மெத்தை கிடக்கும். தொடாதீர்கள். ரொறன்ரோவில் மூட்டைப்பூச்சி பழைய தொல்லை. தெரிந்தவர் இலவசமாகத் தருகிறார் என்றால், ஏற்றுவதற்கு முன் கைப்பேசி வெளிச்சத்தில் விளிம்புத் தையலை விரலால் மடித்து மடித்துச் சுற்றிவர பாருங்கள். மை தெளித்ததுபோன்ற கருநிறப் புள்ளிகள், உரித்துப்போட்ட தோல், ஒரு மில்லிமீட்டர் அளவு வெள்ளை முட்டைகள், இவற்றில் எது தெரிந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வீட்டுக்குள் ஏற்கெனவே இருந்தால், அதை ஒழிக்கும் பொறுப்பு ஒன்ராறியோ சட்டப்படி வீட்டு உரிமையாளருடையது. எழுத்தில் தெரிவியுங்கள், அசைய மறுத்தால் நகராட்சியின் உதவி எண்ணான 311 ஐ அழையுங்கள். ஆனால் உரிமையாளரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் வீடென்றால் வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. உள்ளே போகும் முன்பே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

விலைச்சீட்டில் உள்ள தொகையோடு 13 விழுக்காடு எச்.எஸ்.டி. வரி சேரும். பாதி விலை என்று அடித்து எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய கடைகளில் தள்ளுபடி அடிக்கடி வரும், பேரம் பேசவும் இடமுண்டு. மெத்தை விற்கும் எண்டி, ஸ்லீப் கன்ட்ரி என்ற இரு நிறுவனங்களும் போட்டியாளர்கள் போலத் தோன்றும். ஆனால் 2018 இல் ஸ்லீப் கன்ட்ரியே எண்டியை வாங்கிவிட்டது. இணையத்தில் வாங்கும் மெத்தைக்குப் பல இரவுகள் படுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் வசதி கிடைக்கும். கறை பட்டால் உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது. அதனால் முதல் நாளே ஜிப் வைத்த முழு உறை ஒன்று போட்டுவிடுங்கள். மூட்டைப்பூச்சிக்கும் அதுவே தடுப்பு.

கைக்குழந்தை இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பெரியவர்களின் மெத்தையில் படுக்கவைக்காதீர்கள். தொட்டில் கட்டிலுக்குத் தனி மெத்தை வாங்குங்கள்: அழுத்தமானது, தட்டையானது, 15 செ.மீ. தடிமனுக்கு மேற்படாதது, ஓரத்தில் 3 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாதது.

பெட்டியில் ஊரிலிருந்து படுக்கை விரிப்புகளை அடுக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்குள்ள மெத்தைகளில் பல 10 அங்குலத்துக்குக் குறையாத தடிமன். ஊர் விரிப்பு நுனியில் எட்டாமல் இரவில் சுருண்டுவிடும். அந்த இடத்தில் மிளகாய்த்தூளைக் கொண்டுவாருங்கள். விரிப்பை இங்கேயே, மெத்தையின் தடிமனைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.