சின்ன போனுக்கு ஏத்த, சீக்கிரம் புட்டுக்காத ஹெட்போன் வாங்கறது எப்படிங்க?

எங்க மாமா சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டறாருங்க. கையில இருக்கறது 2 ஜிபி ராம் போனு. வருசத்துக்கு நாலு ஹெட்போன் வாங்குவாரு, நாலும் ஒரு பக்கம் மட்டும் பாடி அப்புறம் அதுவும் நின்னு போயிரும். "ஏன் மாப்ள, நீயே ஒண்ணு பாத்து வாங்கிக் குடேன்"னு போன மாசம் என்ற தலைல கட்டிட்டாரு. அதுக்கு நான் என்னென்ன பாத்தேனோ அதையே வரிசையா சொல்றேன்.

மொதல் வேலை, போன்ல இருக்கற ஓட்டையப் பாருங்க. ரவுண்டா 3.5 மி.மீ. ஓட்டை இருந்தா உள்ள டார்ச் அடிங்க. மாமா போன்ல பஞ்சு திரியாட்ட அடைஞ்சு கெடந்துச்சு, பின்னு முழுசா உள்ள போகவே இல்ல, அப்பறம் எப்படி ரெண்டு பக்கமும் கேக்கும்? போன ஆஃப் பண்ணிட்டு மரப் பல்குச்சியால மெதுவா எடுங்க, ஊசி கீசி விட்டறாதீங்க. அவரு தூக்கிப் போட்டதுல பாதி நல்ல ஹெட்போனாத்தான் இருந்திருக்கும்னு நெனைக்கறேன், போச்சாது உடுங்க. டைப்-சி மட்டும் இருக்கற போனுன்னா, டைப்-சில சொருகுனா ரவுண்டு ஓட்டை தர்ற கன்வெர்ட்டர் வேணும், உள்ள சிப் வச்சது பெரும்பாலும் வேலை செய்யும், வெறும் வயர் கன்வெர்ட்டர் எல்லா போன்லயும் பேசாது, அதனால போன கையோட கொண்டு போயி கடைலயே சொருகிப் பாத்துருங்க.

ரெண்டாவது, டப்பா பின்னாடி இருக்கற ஓம் நம்பர், அதாவது ஹெட்போன் கரண்ட்ட எவ்வளவு தடுக்குதுங்கற அளவு. இதுதாங்க முக்கியம், இதத்தான் யாரும் பாக்கறதில்ல. 16ல இருந்து 32 ஓம் வரைக்கும் இருந்தா சின்ன போனே நல்லா ஓட்டும். ஸ்டுடியோல போடற 250, 300 ஓம் ஹெட்போன் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் நம்ம போனுக்கு ஆகாது, அரை ஹெச்பி மோட்டார வச்சுட்டு ஆயிரம் அடி போர்ல தண்ணி எடுக்கற கதைதான். போனு அரை வோல்ட் தருதுன்னு வச்சுக்குங்க, 32 ஓமுக்கு கிட்டத்தட்ட 8 மில்லிவாட் போகும், 300 ஓமுக்கு ஒண்ணு கூட போகாது.

பக்கத்துலயே சென்சிட்டிவிட்டின்னு ஒரு நம்பர் இருக்கும், குடுக்கற கரண்டுக்கு எவ்வளவு சத்தம் வருதுன்னு டெசிபல்ல சொல்றது. ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபலோ அதுக்கு எச்சாவோ இருந்தா எடுத்துக்கலாம். சில டப்பால ஒரு வோல்ட்டுக்குன்னு போட்டிருப்பாங்க, அதே 32 ஓம் ஹெட்போன் அந்தக் கணக்குல 15 டெசிபல் எச்சா தெரியும், ஏமாந்துறாதீங்க.

மூணாவது வயரு. ஹெட்போன் சாகற எடம் பின்னோட கழுத்து, அப்பறம் வயரு ரெண்டாப் பிரியற எடம், அவ்வளவுதான். உள்ள இருக்கற செம்பு மயிராட்டச் சன்னமா இருக்கும், ஒரே எடத்துல மடங்கி மடங்கி அந்துரும். பின்னு எல் மாதிரி வளைஞ்சு, கழுத்துல ரப்பர் நீளமா இருக்கறதாப் பாருங்க. கடைல பாட்டுப் போட்டுட்டு கழுத்துகிட்ட வயர இப்படி அப்படி ஆட்டுங்க, கரகரன்னா கீழ வச்சுருங்க, கடைக்காரரு மொறைச்சா மொறைக்கட்டும். துணி சுத்துன வயரு சிக்காது, அதுக்காக உள்ள கெட்டின்னு அர்த்தமில்ல. கொஞ்சம் காசு சேத்துப் போட முடிஞ்சா வயரு தனியாக் கழட்டற மாதிரி எடுங்க, அந்து போனா வயர மட்டும் மாத்திக்கலாம். பேசவும் வேணும்னா பின்னச் சுத்தி வளையமா மூணு கோடு இருக்கோணும், ரெண்டு கோடுன்னா மைக் கிடையாது.

ப்ளூடூத் எடுக்கலாமான்னு கேப்பீங்க. நான் வேண்டாம்பேன். ராம் கம்மியான போன்ல சில சமயம் விக்கி விக்கிப் பாடும், அதுல இருக்கற பேட்டரியும் நாளாக நாளாகத் தேஞ்சு போகும். அதவிட, எஃப்எம் இருக்கற போன்ல ஹெட்போன் வயருதான் ஏரியலு, வயரு இல்லாட்டி மாமாவுக்கு கொடைக்கானல் 100.5 வராது, பொறவு என்னையத்தான் திட்டுவாரு.

ஒண்ணு விட்டுட்டேன், தறி ஓடறப்ப மாட்டாதீங்க. அந்தச் சத்தத்துக்கு மேல பாட்டு வச்சா காது போயிரும். வாரத்துக்கு 40 மணி நேரம்னா 80 டெசிபலுக்குள்ள இருக்கோணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

வாங்குனதுக்கப்பறம் போன் மேல இறுக்கிச் சுத்தாதீங்க, தொளதொளன்னு வட்டமா சுத்தி ஒரு டப்பால போடுங்க. மாமா வெத்தலப் பொட்டில போட்டு வக்கறாரு. சுண்ணாம்பு வாசம் அடிக்குது, ஆனா ரெண்டு பக்கமும் கேக்குதுங்க.