எந்தப் படத்தை வாங்கி வைக்கலாம்? வீட்டுச் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல படம் என்பது வேறு, டிவிடியாகவோ ப்ளூ-ரேயாகவோ வாங்கி அலமாரியில் வைக்க வேண்டிய படம் என்பது வேறு. சேகரிப்பைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். விருது வாங்கிய படங்கள், 'சாவதற்குள் பார்க்க வேண்டியவை' பட்டியலில் வந்தவை, பெரிய இயக்குநர்களின் படங்கள் என்று அள்ளிக்கொண்டு வருவார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் பாதிப் பெட்டிகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிந்திருக்காது. ஒருமுறை பார்த்து மனம் கனத்து, மறுபடி போடவே துணிவு வராத மகத்தான படங்கள் உண்டு. விமர்சகர்கள் கண்டுகொள்ளாமல் விட்டும், ஆண்டுக்கு இரண்டு முறை உங்களை உட்கார வைக்கும் படங்களும் உண்டு. காசு முதலில் போக வேண்டியது இந்த இரண்டாவது வகைக்கு.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. வாங்க ஆசைப்படும் படத்தின் பெயரைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் அதைத் தொடாதீர்கள். பிறகு மூன்று கேள்விகள்: இதை ஏற்கெனவே இரண்டு முறையாவது பார்த்திருக்கிறேனா? இந்த மூன்று மாதத்தில் இதன் காட்சி ஏதாவது தானாக நினைவுக்கு வந்ததா? யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறதா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் வாங்கலாம். ஒன்றுக்கு மட்டும் என்றால் இன்னொரு முறை ஓடிடியிலோ வாடகைக்கோ பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பார்க்காத படத்தை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த ஆசையும் சேகரிப்பின் ஒரு பகுதிதான். ஆனால் பத்துக்கு ஒன்று என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படத்தைப் பார்த்துவிட்டு, பதிப்பைப் பார்க்காமல் விடுவது

தவறுகளில் பெரியது இது. கடையில் நீங்கள் வாங்குவது ஒரு குறிப்பிட்ட பதிப்பை. ஒரே படத்துக்கு ஐந்தாறு பதிப்புகள் இருக்கலாம். ஒன்று கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும், இன்னொன்றில் நடிகரின் முகம் மெழுகுப் பொம்மை போல இருக்கும். அட்டைப்படம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் எந்த வெட்டு, அதாவது படத்தொகுப்பின் எந்த வடிவம் என்று பாருங்கள். 'பிளேடு ரன்னர்' படத்துக்குத் திரையரங்கில் வந்த 1982 வடிவம், 1992-இல் வந்த டைரக்டர்ஸ் கட், 2007-இல் வந்த ஃபைனல் கட் என்று பல வடிவங்கள் உண்டு. கதாநாயகனின் பின்னணிக் குரலும் மகிழ்ச்சியான முடிவும் முதலாவதில் இருக்கின்றன, மற்ற இரண்டிலும் இல்லை. நீங்கள் மனதில் வைத்திருக்கும் படம் எது, பெட்டிக்குள் இருப்பது எது என்று தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம்தான்.

எந்த வடிவம் என்று கண்டுபிடிக்க ஓடும் நேரமே நல்ல துப்பு. ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. திரைப்படம் நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் அதை 25 பிரேமாக ஓட்டுவார்கள். அதனால் படம் சுமார் 4 சதவீதம் வேகமாக முடிந்துவிடும். 120 நிமிடப் படம் 115 நிமிடம் என்று பின்னட்டையில் இருக்கும். காட்சி எதுவும் வெட்டப்படவில்லை. அசல் நேரத்தை 0.96-ஆல் பெருக்கிப் பாருங்கள். வரும் விடையை விடவும் நாலைந்து நிமிடம் குறைந்தால்தான் கத்தரி விழுந்திருக்கிறது என்று பொருள். இந்த வேகத்தால் குரலும் பாட்டும் கொஞ்சம் கீச்சென்று கேட்கலாம். காது கூர்மையாக உள்ளவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ப்ளூ-ரேயில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை, 24 பிரேம் அப்படியே பதிவாகிறது.

அடுத்தது திரையின் வடிவம். பின்னட்டையில் 2.35:1, 1.85:1, 1.33:1 என்று அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் அச்சாகியிருக்கும். படம் எடுக்கப்பட்ட விகிதமும் அதுவும் ஒன்றா என்று சரிபாருங்கள். அகலத்திரைப் படத்தைப் பழைய சதுர டிவிக்காக இருபுறமும் வெட்டிய டிவிடிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. எதிரெதிரே நின்று பேசும் இருவரில் ஒருவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார். இன்னொரு வகை டிவிடியில் படம் முழுதாக இருக்கும், ஆனால் சதுரச் சட்டத்துக்குள் கறுப்புப் பட்டையோடு அடைபட்டிருக்கும். அகல டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து நடுவில் தபால்தலை போலத் தெரியும். 'அனமார்ஃபிக்' அல்லது '16:9-க்கு ஏற்றது' என்ற சொல் பெட்டியில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஒளிப்பதிவாளர் வைத்த சட்டம் அதுதான்.

ஒரு டிஸ்க்கில் மூன்று படம்

'மூன்று படம் ஒரே விலையில்' என்று விற்கும் டிவிடிகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தரவை இரண்டு அடுக்காகப் பதியும் இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. அதில் இரண்டு மணி நேரப் படம் ஒன்று மட்டும் இருந்தால், ஒலியையும் சேர்த்து நொடிக்குச் சுமார் 9.4 மெகாபிட் தரவு வரை இடம் கிடைக்கும்; இது குறையக் குறையப் படத்தின் தெளிவும் குறையும். இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்றை அதே டிஸ்க்கில் திணித்தால் கிடைப்பது 2.5 மெகாபிட். பகல் வெளிச்சத்தில் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சி தப்பித்துவிடும். மழை, புகை, இருட்டு, கூட்டம், நடனம் வந்ததும் படம் சிறு சிறு சதுரங்களாக உடையும். 4.7 ஜிபி ஒற்றை அடுக்கு டிஸ்க் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

ப்ளூ-ரேயில் 25 அல்லது 50 ஜிபி இடம் உண்டு. காட்சிக்கு மட்டுமே நொடிக்கு 40 மெகாபிட் வரை தர முடியும். அதனால் டிவிடியில் அரைகுறையாகக் கிடைக்கும் மூன்று படத்தைவிட ப்ளூ-ரேயில் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரு படம் மேல்.

4கே என்ற எழுத்தைப் பார்த்ததும் மயங்குவது

4கே என்பது ப்ளூ-ரேயின் 1080பி-யைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட படம். ஆனால் 4கே டிஸ்க்கின் தரம் அதற்கு மூலமாக இருந்த சரக்கைப் பொறுத்தது. 35 எம்எம் ஃபிலிமில் எடுத்து, அசல் கேமரா நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்த 1960-களின் படம், 4கேயில் அசத்தலாக இருக்கும். ஆனால் 2000-களிலும் 2010-களிலும் வந்த ஏராளமான படங்களின் இறுதி வேலை, ஏறக்குறைய 1080பி-க்கு இணையான 2கே அளவில் முடிக்கப்பட்டது. அவற்றின் 4கே டிஸ்க்கில் இருப்பது பெரிதாக்கப்பட்ட படம்தான். 2002-இல் வந்த '28 டேஸ் லேட்டர்' பெரும்பகுதி சாதாரணத் தெளிவுள்ள டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுக்கப்பட்டது; அதில் இல்லாத நுணுக்கத்தை எந்த டிஸ்க்காலும் கொண்டுவர முடியாது. வயது குறைந்த படம் என்றால் 4கேயில் நன்றாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு, நடப்பது பல நேரம் தலைகீழ்.

உட்காரும் தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 55 அங்குல டிவியில் 1080பி படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 0.63 மி.மீ. அகலம். சராசரிக் கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிவது 2.2 மீட்டர் வரைதான். மூன்று மீட்டர் தள்ளி சோபா போட்டிருந்தால் 4கேயின் கூடுதல் தெளிவில் பெரும்பகுதி உங்களை வந்து சேராது. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆரின் வெளிச்சமும் நிறமும் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் தெரியும், அதற்காக வாங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் டிவிக்கு நல்ல எச்டிஆர் திறன் இருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு: 4கே டிஸ்க்கைச் சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் போடுவது. ஓடாது, தனி பிளேயர் வேண்டும். மறுபக்கம் 4கே பிளேயர்களில் ப்ளூ-ரேயும் டிவிடியும் ஓடும். டிஸ்க் உலகின் எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் பிராந்தியக் குறியீடும் கவனிக்க வேண்டியது: டிவிடிக்கு 1 முதல் 6 வரை, ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது உங்கள் பிளேயரின் குறியீட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 4கே டிஸ்க்குகளுக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை; ஆனால் அதே பெட்டியில் வரும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம், கூடுதல் காட்சிகள் பல நேரம் அதில்தான் இருக்கும்.

மெழுகு முகம்

ஃபிலிமில் எடுத்த படத்தில் மெல்லிய மணல் தூவியது போல ஒரு துகள் அசைந்துகொண்டே இருக்கும். அது அழுக்கோ பழுதோ இல்லை. படமே அந்தத் துகள்களால்தான் ஆனது. சில பதிப்புகளில் அதை மென்பொருளால் துடைத்துவிடுகிறார்கள். துகள் போகும்போது தோலின் துளைகள், நெற்றிச் சுருக்கம், புடவையின் நெசவு எல்லாம் சேர்ந்து போய்விடுகின்றன. பிறகு தெளிவு குறைந்ததை மறைக்க ஓரங்களைக் கூர்மையாக்குவார்கள். ஆளைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டது போல ஒரு ஒளிவட்டம் வரும்.

வாங்குமுன், இரண்டு பதிப்புகளின் ஒரே காட்சியை இணையத்தில் உள்ள ஒப்பீட்டுப் படங்களில் பாருங்கள். முகம் முழுச் சட்டத்தையும் நிரப்பும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். கன்னம், புருவ முடி, சட்டைக் காலர் மூன்றையும் பாருங்கள். கன்னம் வழவழவென்று, புருவம் மையால் தீட்டியது போல ஒரே திட்டாக இருந்தால் அந்தப் பதிப்பை விட்டுவிடுங்கள். 'புதுப்பிக்கப்பட்டது' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். யார் புதுப்பித்தார்கள், எந்த மூலத்திலிருந்து, இயக்குநரோ ஒளிப்பதிவாளரோ பார்த்து ஒப்புக்கொண்டார்களா என்ற விவரம் பெட்டியில் அச்சாகியிருந்தால் அது நல்ல அறிகுறி.

ஒலிக்கும் இதே கதைதான். மோனோவில், அதாவது ஒற்றை ஒலித்தடத்தில் வந்த பழைய படத்தைப் பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஆக மாற்றி, அசல் ஒலித்தடத்தையே விட்டுவிடும் பதிப்புகள் உண்டு. புதிதாகச் சேர்த்த இடி ஓசையும் காலடிச் சத்தமும் படத்தோடு ஒட்டாது. மாற்றிய ஒலி இருந்துவிட்டுப் போகட்டும், அசல் மோனோவும் இருக்க வேண்டும். வசன வரிகள் படத்திலேயே அழுந்திப் பதிந்தவையா, வேண்டாத நேரத்தில் அணைக்கக் கூடியவையா என்பதையும் பாருங்கள்.

பெட்டித் தொகுப்பும் 'டிஜிட்டலில் வாங்கியதும்'

தொடரின் ஆறு படங்களில் உங்களுக்குப் பிடித்தவை இரண்டு என்றால் தொகுப்பு வேண்டாம். நான்கு பிடித்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிவிடி பெட்டியின் தடிமன் 14 மி.மீ.; ஒரு மீட்டர் அலமாரியில் ஏறக்குறைய 70 பெட்டிதான் நிற்கும். பிடிக்காத படம் பிடித்த படத்தின் இடத்தைத் தின்கிறது.

ஆன்லைனில் 'வாங்கு' பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் கிடைப்பது பார்க்கும் உரிமம் மட்டுமே. பல ஸ்டுடியோக்கள் சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலெட் என்ற டிஜிட்டல் படச் சேவை 2019 ஜூலை 31-இல் மூடப்பட்டது. கணக்கை வேறு சேவைகளோடு இணைத்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். நிரந்தரமாக வேண்டும் என்று நினைக்கும் படத்தை டிஸ்க்காகவே வாங்குங்கள். பிளேயரையும் மறக்காதீர்கள்: ஓப்போ 2018-இலும், அமெரிக்கச் சந்தையில் சாம்சங் 2019-இலும் புதிய ப்ளூ-ரே பிளேயர்களை நிறுத்துவதாக அறிவித்தன. சேகரிப்பு நூறைத் தாண்டினால் ஒரு மாற்று பிளேயர் வீட்டில் இருப்பது நல்லது.

கையில் வந்ததும் பார்க்காமல் அடுக்கி வைப்பது

டிவிடியின் அடிப்பக்கம் ஊதா நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் காலி டிஸ்க்கில் பதிவு செய்த நகல். அச்சடித்த டிவிடி வெள்ளி நிறத்தில் இருக்கும், இரட்டை அடுக்கு என்றால் லேசான பொன்னிறம். அந்தப் பொன்னிறத்தைப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஓரிரு ஊசித் துளை பரவாயில்லை. மேகம் படர்ந்தது போல மங்கலோ, ஓரத்திலிருந்து உள்ளே பரவும் கறையோ இருந்தால் டிஸ்க் உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கிவிட்டது.

பழைய டிஸ்க்கில் கீறல்களின் திசை முக்கியம். மையத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகும் கீறலைப் பிளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும். வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் படத்தை நிறுத்தும். துடைக்கும்போதும் இதனால்தான் மையத்திலிருந்து வெளியே நேராகத் துடைக்கச் சொல்கிறார்கள். டிவிடியின் தரவு 0.6 மி.மீ. ஆழத்தில் இருப்பதால் மேற்பரப்பை மெருகேற்றிக் கீறலை நீக்க முடியும். ப்ளூ-ரேயில் ஆழம் 0.1 மி.மீ. மட்டுமே, கெட்டியான பூச்சு காப்பாற்றுகிறது, அதைத் தேய்த்தால் டிஸ்க் போச்சு. கீறல் விழுந்த ப்ளூ-ரேயை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் போட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஓடியதும் சரி என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள், அங்கேதான் பிழை. இரட்டை அடுக்கு டிஸ்க்கில் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே படிக்கப்படும், இரண்டாவது வெளியிலிருந்து உள்ளே. கைரேகையும் கீறலும் அதிகம் படும் வெளி ஓரம் படத்தின் நடுவில்தான் வரும். ஆகவே இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக இருபது நிமிடத்தை முழுதாக ஓடவிடுங்கள். ஒற்றை அடுக்கு டிஸ்க் என்றால் கடைசி இருபது நிமிடத்தை. அதே நேரத்தில் வசன வரியை ஒருமுறை போட்டு அணைத்து, ஒலித்தடத்தையும் மாற்றிப் பாருங்கள்.