அன்றாட வாழ்வில் இயேசுவை நம்பி அவர் பின்னே நடப்பது எப்படி?

ஞாயிறு ஆராதனையில் பாடும்போது உறுதியாக இருக்கிற விசுவாசம், திங்கட்கிழமை காலையில் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது எங்கே போயிற்று என்று தெரியாமல் தவிக்கிறவர்கள் நம் சபைகளில் அநேகர். அவர்களுக்கு லூக்கா 5-ஆம் அதிகாரத்தையே முதலில் எடுத்துக் காட்ட விரும்புகிறேன். கெனேசரேத்து ஏரியில் இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாமல், கரையில் வலைகளை அலசிக்கொண்டிருந்த பேதுருவிடம், ஆழத்திலே படகைத் தள்ளிக்கொண்டுபோய் மறுபடியும் வலை போடும்படி இயேசு சொல்கிறார். அலசி முடித்த வலையைத் திரும்ப இறக்குவது எவ்வளவு சலிப்பு தரும் என்பதைத் கடலூர்க் கரையில் தேவனாம்பட்டினத்திலோ சோனாங்குப்பத்திலோ கடல்தொழில் செய்கிறவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேதுரு தன் சலிப்பை மறைக்கவில்லை. இரவு முழுவதும் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டு, "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்" என்றார். மீன் கிடைக்குமா என்று தெரியாத அந்த நேரத்தில் வலையை இறக்கினாரே, விசுவாசம் என்று நான் சொல்வது அதைத்தான். ஆண்டவருடைய வார்த்தைகளில் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிற எதை இன்றைக்குச் செய்ய வேண்டியிருக்கிறது என்று கேட்டு, அதைச் செய்யப் பழகுவதற்கான வழிகளையே இங்கே எழுதுகிறேன்.

காலையில் கைபேசியைத் திறப்பதற்கு முன்பு சுவிசேஷத்தைத் திறக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்வது நல்லது. நான்கு சுவிசேஷங்களிலும் அதுவே சிறியது, 16 அதிகாரங்களே உள்ளது. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். அதை இரண்டு முறை வாசித்து, இயேசு இங்கே யாரிடம் எப்படி நடந்துகொண்டார் என்று கவனித்து, இன்று நான் சந்திக்கப்போகிறவர்களில் யாரிடம் அப்படி நடக்க வேண்டும் என்று ஒரு பெயரையும் ஒரு செயலையும் குறித்துக்கொள்ளுங்கள். 'எல்லாரிடமும் அன்பாயிருப்பேன்' என்று எழுதினால் மாலைக்குள் அது காற்றோடு போய்விடும். 'மதியம் அத்தைக்குப் போன் செய்து உடல்நிலை விசாரிப்பேன்' என்று எழுதினால் செய்தோமா இல்லையா என்பது தெரிந்துவிடும். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டு ஆண்டு முழுவதும் அதையே பற்றிக்கொண்டிருப்பவர்களை நான் குறைகூறவில்லை. ஆனால் வாக்குத்தத்தங்களை மட்டும் தேடி, கட்டளைகளைக் கடந்துபோகிறவர் இயேசுவைப் பாதி மட்டுமே கேட்கிறார்.

அடுத்தது பணம். மனிதர்கள் ஆண்டவரை உண்மையாகவே நம்புகிறார்களா என்பது ஜெபக்கூட்டத்தைவிடக் கல்லாப்பெட்டிக்கு அருகில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற ஒரு கொட்டகையை எண்ணிப் பாருங்கள். தோட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும் என்பதால் பெண்கள் விரல்களில் சாம்பலைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு கொட்டையாகத் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்கிறார்கள். சாயங்காலம் எடைபோட்டுக் கூலி கொடுக்கும் நேரத்தில், தராசின் முள் நிற்பதற்கு முன்பே தட்டைத் தூக்கிவிடுவதா, அது நிற்கும்வரை பொறுத்திருப்பதா என்பதை முடிவு செய்கிறவர் விசுவாசியான முதலாளியாக இருந்தால், அந்த நொடியில் அவர் இயேசுவைப் பின்பற்றுகிறாரா இல்லையா என்பது வேலையாட்கள் கண்முன் வெளிப்பட்டுவிடுகிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் கர்த்தருடைய செவிகளில் எட்டியது என்றும் யாக்கோபு எழுதினார். ஆகவே இந்த வாரமே உங்கள் கணக்கை எடுத்துப் பாருங்கள். யாருக்காவது கொடுக்க வேண்டிய கூலியோ கடனோ நின்றிருந்தால், காணிக்கைக்கு முன்பாக அதைக் கொடுத்துவிடுங்கள். முழுவதும் கொடுக்க முடியாவிட்டால், ஒளிந்து திரியாமல் நேரில் போய், எந்தத் தேதியில் எவ்வளவு தர முடியும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாக, வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு சொன்ன பிறகே "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னார். பணத்தை விதைத்தால் பன்மடங்காகத் திரும்பிவரும் என்று ஆசைகாட்டி, கடனில் இருக்கிறவர்களிடமே காணிக்கை வாங்குகிற போதனைக்குச் சகேயுவின் வீட்டில் இடமில்லை.

நம்பிக்கையையும் துணிச்சலையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதும் நம்மிடையே உண்டு. கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கும்போது, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிப் படகை எடுப்பது விசுவாசமாகாது. தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி பிசாசு தூண்டியபோது, கர்த்தரைப் பரீட்சை பார்க்கலாகாது என்றே இயேசு பதில் சொன்னார். மருந்தும் அப்படித்தான். ஜெபித்துவிட்டேன் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவரை, அன்பாகவும் கண்டிப்பாகவும் ஜிப்மருக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ அழைத்துக்கொண்டு போங்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் 'பிரியமான வைத்தியன்' என்றே பவுல் குறிப்பிடுகிறார். கவலை மிகும்போது, என் கையில் இருப்பது எது, என் கையை மீறினது எது என்று ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். முதலாவதை அன்றைக்கே செய்யத் தொடங்கி, இரண்டாவதைப் பெயர் பெயராகச் சொல்லி ஜெபத்தில் ஒப்புக்கொடுங்கள்.

பகை இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி மத்தேயு 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. மத்தியஸ்தர் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாகப் போய், உங்கள் பக்கத்துத் தவறை மட்டும் சொல்லுங்கள்.

பகையைவிட ஆழமானது சாதி. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று, புதுச்சேரியில் ஒரு கோவிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவர், ஒடுக்கப்பட்டவர்கள் வந்து முறையிட்ட பிறகு இடிக்கப்பட்டதைப் பற்றிச் சொல்கிறது. கோவிலுக்குள் இருந்த சுவர் அன்று போனது. கல்யாணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் அது இன்னும் நிற்கிற இடங்கள் உண்டு என்பதை வேதனையோடு எழுதுகிறேன். யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலவாத காலத்தில், சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டார். நீங்களும் கேட்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள்: இதுவரை நீங்கள் கை நனைத்திராத ஒரு விசுவாசியின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவர்களை உங்கள் வீட்டுப் பந்திக்கு அழையுங்கள், பிள்ளைகள் காதில் விழும்படி சாதிப்பேச்சு எழும்போது அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.

எல்லாவற்றையும் செய்தும் ஜெபத்துக்குப் பதில் வராத நாட்கள் இருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்த கரை இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், தலைமுறையாக வளர்ந்த முந்திரியையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்த மண் இது. இழந்தவர்களிடம் போய், இது பாவத்துக்குத் தண்டனை என்று எவரும் சொல்லக் கூடாது. எருசலேமின் சீலோவாமிலே கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப்பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அல்ல என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். நீங்களே இழந்தவராக இருந்தால், ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராதபோது பலவந்தமாகச் சொல்ல வேண்டாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அப்படிக் கேட்பதும் அவரிடமே கேட்பது. ஒரு வாரம் அதையே வாசித்தாலும் தவறில்லை.

இரவில் படுக்கும் முன், காலையில் குறித்த செயலைச் செய்தோமா என்று மட்டும் பாருங்கள். செய்திருந்தால் நன்றி சொல்லுங்கள். செய்யவில்லையென்றால் காரணத்தை ஆண்டவரிடம் உள்ளபடி சொல்லிவிட்டு, மறுநாள் புதிய பகுதிக்குப் போகாமல் அதே பகுதியை வாசித்து, அதே பெயரை மறுபடியும் எழுதுங்கள். சபையில் நீங்கள் நம்புகிற ஒருவரிடம், மூத்த அக்காவோ அண்ணனோ யாராயிருந்தாலும், வாரம் ஒருமுறை அந்தத் தாளைக் காட்டுங்கள். போதகராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்டதை வெளியே சொல்லாதவராக இருந்தால் போதும்.