இன்ஹேலர் மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேர: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீசிங்குக்கு இன்ஹேலர் வாங்கி, நான்கு நாள் பயன்படுத்திவிட்டு, "எனக்கு இது கேட்கவில்லை" என்று அலமாரியில் போட்டவர்கள் ஏராளம். பல நேரங்களில் குறை மருந்தில் இருப்பதில்லை. அழுத்தும் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. மூச்சுக்குழாய்க்குப் போவதே இல்லை. பத்து நிமிடம் ஒதுக்கிச் சரியான முறையைப் பழகிக்கொண்டால் நிலைமை மாறும்.

அதற்கு முன் ஒரு பயத்தைப் போக்க வேண்டும். "இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடும், கடைசிக்கட்டத்துக்குத்தான் அது" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் பொதுவாக 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையின் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் அதிகம். இன்ஹேலர் நேராக நோய் இருக்கும் இடத்துக்கே போகிறது. அதற்கு அடிமையாவது என்று ஒன்று இல்லை.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை?

அழுத்தினால் புஸ்ஸென்று பீய்ச்சும் டப்பா ஒரு வகை. கேப்ஸ்யூல் போட்டுப் பொடியை உறிஞ்சுவது இன்னொரு வகை. பீய்ச்சும் டப்பாவுக்கு மூச்சை மெதுவாக இழுக்க வேண்டும். பொடிக்கு வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்பவர்களே அதிகம்.

பீய்ச்சும் வகை

இதோடு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலையும் வாங்கிவிடுங்கள். "அது குழந்தைகளுக்குத்தானே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்கும் அது வேண்டும். பீய்ச்சும் மருந்து குழலுக்குள் நிற்பதால், அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

1. மூடியைக் கழற்றி, டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள். புதியதானாலும், பல நாள் எடுக்காமல் வைத்திருந்தாலும், உள்ளிருக்கும் தாளில் சொன்னபடி முதலில் காற்றில் சில முறை பீய்ச்சிவிடுங்கள்.
2. ஸ்பேசரில் பொருத்தி, நிமிர்ந்து உட்காருங்கள். படுத்துக்கொண்டு எடுக்க வேண்டாம்.
3. மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள்.
4. குழலின் வாயைப் பற்களுக்கு இடையில் வைத்து, உதடுகளால் இறுக மூடுங்கள்.
5. ஒரே ஒரு முறை அழுத்தி, வாய் வழியே மெதுவாக, ஆழமாக இழுங்கள். ஐந்து நொடி ஆகட்டும். விசில் போல ஒலித்தால் வேகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள்.
6. மனதுக்குள் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள். முடியாவிட்டால் முடிந்தவரை.
7. இன்னொரு அழுத்து வேண்டுமானால், அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கிவிட்டு எடுங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தாதீர்கள்.

சிறு குழந்தைக்கு முகமூடி வைத்த ஸ்பேசர் வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிப் பிடித்து, ஓர் அழுத்துக்கு ஐந்தாறு முறை இயல்பாக மூச்சு விடச் செய்தால் போதும்.

ஸ்பேசரைச் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைக்காமல் தானாக உலர விடுங்கள். துணியால் தேய்த்தால் உள்ளே மின்னூட்டம் உண்டாகி, மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பொடி வகை

கருவிக்கு வெளியே மூச்சை விட்டுவிட்டு வாயில் வையுங்கள். உள்ளே ஊதினால் பொடி ஈரமாகிவிடும். ஒரே இழுப்பாக, பலமாக உறிஞ்சி மூச்சை அடக்குங்கள். பிறகு திறந்து பாருங்கள். பொடி மீதியிருந்தால் மறுபடி உறிஞ்சுங்கள். கேப்ஸ்யூலை விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். அது மூச்சுக்குப் பயன்படாது.

நிவாரணியும் தடுப்பு மருந்தும்

பெரும்பாலும் நீல நிறத்தில் வருவது சால்பியூட்டமால். இழுப்பை உடனே தணிக்கும், மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்காது. புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு கலந்தது தடுப்பு மருந்து. அதை எடுத்த உடனே எதுவும் தெரியாது, சில வாரங்களில்தான் பலன் தெரியும். எனவே உடம்பு நன்றாக இருக்கிறது என்று பலர் தவறாக நிறுத்திவிடுவது இதைத்தான். உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நிவாரணியை மட்டும் கொடுப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. உங்களுக்கு நீலம் மட்டுமே எழுதியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியலாம், குரல் கம்மலாம்.

நம் ஊரில் எது கிளப்பிவிடுகிறது?

புளி அடிக்கும் காலத்தில் ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கும் வீடுகளில் தூசு கூடத்திலேயே சுற்றும். வேலையை வாசலுக்கு மாற்றுங்கள்; இழுப்பு உள்ளவர் முகக்கவசம் இல்லாமல் உட்கார வேண்டாம். மழைக்குப் பின் சாலையோரமெல்லாம் மண்டும் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். அந்த வேலையை மூச்சுத் தொந்தரவு இல்லாதவர் செய்யட்டும்.

கேஸ் அடுப்பு இருந்தும், குளிக்க வெந்நீருக்கு மட்டும் விறகடுப்பு எரியும் வீடுகள் இன்னும் நிறைய. பீடியைத் தொடாத பெண்களுக்கு சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு வருவதற்கு இந்தப் புகை ஒரு முக்கியக் காரணம். எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டாலும், அந்த அடுப்பைச் சன்னலில்லாத மூலையிலிருந்து திறந்த வெளிக்கு நகர்த்துங்கள்.

கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் இடங்களில் வேலை செய்பவர்களின் நிலை வேறு. சிலிக்கா தூசால் வரும் சிலிக்கோசிஸ் குணமாகாது; காசநோய் தொற்றவும் வழி செய்யும். கைக்குட்டை கட்டுவதால் அந்த நுண்தூசு நிற்காது. தண்ணீர் விட்டு அறுப்பதும், முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசமும் வேண்டும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், இன்ஹேலர் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது இலவசம்.

இழுப்பு முற்றினால்

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, குழந்தைக்கு விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்குகிறது, அல்லது நிவாரணி எடுத்தும் தணியவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, இறுகிய உடையைத் தளர்த்தி, நீல இன்ஹேலரை ஸ்பேசர் வழியே அரை நிமிடத்துக்கு ஓர் அழுத்தாக, பத்து வரை கொடுக்கலாம். பென்னாகரம், அஞ்செட்டி போன்ற மலையோர ஊர்களில் வண்டி வந்து சேர நேரமாகலாம். ஆகவே அங்கே இருப்பவர்கள் நீல இன்ஹேலர் தீர்ந்த பிறகு வாங்கலாம் என்று இருக்காமல், எப்போதும் ஒன்றைக் கூடுதலாக வைத்திருங்கள். அது இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.