கொடுத்த புரோபயாடிக் கோழிக் குடலில் தங்குகிறதா? கண்டுபிடிக்கும் வழி

கோழிக்குப் புரோபயாடிக் (நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா) கொடுத்த மறுநாள் எச்சத்தை எடுத்துப் பார்த்தால் அந்தப் பாக்டீரியா இருக்கத்தான் செய்யும். வாய் வழியாகப் போனது பின்னால் வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அதுவும் பிராய்லர் கோழிக்குத் தீவனம் சில மணி நேரத்திலேயே குடலைக் கடந்துவிடும். கொடுப்பதை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு என்பதுதான் கேள்வி. லாக்டோபேசில்லஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா வகைகளுக்கு இதைச் சாதாரண மைக்ரோபயாலஜி லேபிலேயே பார்த்துவிடலாம்.

முதல் சிக்கல், ஆளை அடையாளம் காண்பது. கோழிக் குடலில் ஏற்கெனவே ரியூட்டரி, சலிவேரியஸ், கிரிஸ்பேட்டஸ் என்று இந்த வகைச் சிற்றினங்களின் ஒரு பெரிய கூட்டமே குடியிருக்கிறது, இவற்றை வளர்க்கும் எம்.ஆர்.எஸ். அகார் ஊடகத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வெள்ளைக் காலனிகளாக வரும். 16எஸ் என்ற ஜீனின் வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்குக்குக் கொடுத்தாலும் பேரினம், மிஞ்சினால் சிற்றினம் வரைதான் சொல்லும். நீங்கள் கொடுத்த ரியூட்டரியா, கோழியின் சொந்த ரியூட்டரியா என்று பிரித்துச் சொல்லாது.

அதனால் மாட்டுக்குக் காதில் டேக் போடுவதுபோல உங்கள் ஸ்ட்ரெயினுக்கும் (ஒரே சிற்றினத்துக்குள் இருக்கும் தனி வகை) ஒரு அடையாளம் வேண்டும். மலிவான அடையாளம் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பு: அந்த மருந்து கலந்த பிளேட்டில் உங்கள் ஸ்ட்ரெயின் வளரும், மற்றவை பெரும்பாலும் வளராது. ஒரு இரவு வளர்த்த கல்ச்சரை சென்ட்ரிஃபியூஜில் சுற்றிச் செறிவாக்கி, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ரிஃபாம்பிசின் கலந்த எம்.ஆர்.எஸ். பிளேட்டில் பரப்புங்கள். தானாக மாறிய எதிர்ப்பு செல்கள் சுமார் பத்துக் கோடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும், எனவே செல்கள் நிறைய இருக்க வேண்டும். ரிஃபாம்பிசினை ஆட்டோகிளேவில் போடாதீர்கள். மெத்தனாலில் கரைத்து, அகார் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஊற்றிக் கலக்குங்கள். பிளேட் ஆரஞ்சு நிறமாகும். வெளிச்சத்தில் மருந்து கெடும் என்பதால் ஃபாயிலில் சுற்றி வையுங்கள்.

வந்த காலனியை அப்படியே கோழிக்குக் கொடுத்துவிடக் கூடாது. இந்த எதிர்ப்பு, ஆர்.என்.ஏ. தயாரிக்கும் நொதிக்கான ஆர்.பி.ஓ.பி. ஜீனில் வரும் மாற்றம். சில மாற்றங்களில் வளர்ச்சி மந்தமாகிவிடும், அந்த நோஞ்சான் குடலில் தங்கவில்லை என்பதை வைத்து அசல் ஸ்ட்ரெயினைக் குறை சொல்ல முடியாது. மருந்தில்லாத பிராத்தில் (திரவ ஊடகம்) பல முறை மாற்றி வளர்த்து எதிர்ப்பு நிலைக்கிறதா என்று பாருங்கள். வளரும் வேகம், அமிலத்தைத் தாங்குவது, பித்த உப்பைத் தாங்குவது மூன்றிலும் அசலோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் கோழிகள். கொடுக்கும் முன்பே எல்லாக் கோழிகளின் எச்சத்தையும் ரிஃபாம்பிசின் பிளேட்டில் போடுங்கள், அதில் ஏதாவது முளைத்தால் அந்த அளவுக்குக் கீழே உங்களால் எதையும் நம்பி எண்ண முடியாது. குளோரின் கலந்த குடிநீர் வேண்டாம். சாலினோமைசின் போன்ற காக்சிடியா மருந்து கலந்த தீவனமும் வேண்டாம், அது லாக்டோபேசில்லஸையும் அடக்கும். கலந்து வைத்த தீவனத்திலும் தண்ணீரிலும் உயிரோடு எத்தனை இருக்கிறது என்று எண்ணாமல் "இவ்வளவு கொடுத்தேன்" என்று எழுதாதீர்கள்.

பலர் கோட்டை விடுவது கூளத்தில். கோழி தரையைக் கொத்திக்கொண்டே இருக்கும், எச்சத்தையும் தின்னும். நார்க்கழிவுத் தரையில் வைத்து, கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்தும் பாக்டீரியா இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால் அது குடலில் தங்கியதாகவும் இருக்கலாம், தரையிலிருந்து தினமும் திரும்ப உள்ளே போவதாகவும் இருக்கலாம். கம்பி வலைக் கூண்டில் வையுங்கள். முடியாவிட்டால் நிறுத்தும் நாளிலேயே கூளத்தை முழுக்க மாற்றி, தீவனத் தட்டு, தண்ணீர்க் குடுவை எல்லாம் கழுவுங்கள். ஒப்பிட வைத்திருக்கும், புரோபயாடிக் கொடுக்காத கூட்டத்தை எப்போதும் முதலில் கவனியுங்கள், செருப்பும் தனி.

நிறுத்திய பின் 1, 2, 3, 5, 7ஆம் நாட்களில் எச்சம் எடுங்கள். வெள்ளைத் தொப்பி போட்ட சாதாரண எச்சம் வேறு, சாக்லேட் நிறத்தில் பசைபோல வரும் குருட்டுக்குடல் எச்சம் வேறு, இரண்டையும் கலக்காதீர்கள். இடம் தெரிய வேண்டுமென்றால் நெறிமுறைக் குழு அனுமதியோடு சில கோழிகளை அறுத்துத்தான் ஆக வேண்டும். வெட்டும் முன் தீனிப்பை, சிறுகுடல் பகுதிகள், குருட்டுக்குடல் ஒவ்வொன்றின் இரு முனையையும் நூலால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே இருப்பது ஒன்றோடொன்று கலந்துவிடும். உள்ளிருப்பை எடுத்த பிறகு சுவரை சலைனில் அலசி, ஸ்லைடு விளிம்பால் சுரண்டித் தனியாக எண்ணுங்கள். ஒட்டியிருப்பது எது என்று காட்டுவது அந்தச் சுரண்டல்தான்.

எண்ணுவது வழக்கம்போல: 1 கிராமை 9 மில்லி பெப்டோன் நீரில் கலக்கிப் பத்துப் பத்தாக நீர்த்து, 0.1 மில்லியை ரிஃபாம்பிசின் பிளேட்டில் பரப்பி, காற்றில்லா ஜாரில் 37 டிகிரியில் 48 மணி நேரம். முதல் கலவையையும் சேர்த்து ஐந்தாவது குழாயிலிருந்து போட்ட பிளேட்டில் 64 காலனி என்றால், கிராமுக்கு 6.4 கோடி. சில காலனிகளை எடுத்து டி.என்.ஏ. கைரேகை எடுக்கும் ரெப்-பி.சி.ஆர். ஓட்டி, பட்டைகள் அசலோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்ட்ரெயினுக்கே உரிய பிரைமரை (குறிப்பிட்ட டி.என்.ஏ. பகுதியைத் தேடிப் பிடிக்கும் சிறு துண்டு) வைத்து, டி.என்.ஏ.வை அளவிடும் கியூ-பி.சி.ஆர். செய்யலாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் செத்த செல்லின் டி.என்.ஏ.வையும் அது எண்ணும், அந்த டி.என்.ஏ.வில் ஒட்டி அதைப் பெருகவிடாமல் தடுக்கும் பி.எம்.ஏ. சாயம் போட்டு அதை விலக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ரிஃபாம்பிசின் காசநோய் மருந்து. அடையாளமிட்ட ஸ்ட்ரெயினை எந்தப் பண்ணைக்கும் கொண்டுபோகாதீர்கள், சோதனைக் கோழியைக் கறிக்கும் விடாதீர்கள். கூளமும் எச்சமும் எரியுலைக்கு, பிளேட்டெல்லாம் ஆட்டோகிளேவுக்கு.