மூன்றாவது வரியில் நின்றுபோன எழுத்து: என் அனுபவம்

ராயபுரத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். ஒன்பது வயது மகன், பைபிளில் வரும் யோனாவின் கதையை மூச்சுவிடாமல் சொல்வான். எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் நின்றுவிடுவான்.

முதலில் அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடத்திட்டம் ஒன்றை வாங்கினோம். வசனங்கள் அருமை, ஆனால் கட்டுரைத் தலைப்பெல்லாம் பனிமனிதனும் வான்கோழி விருந்தும். காசிமேடு பக்கம் வளரும் பையனுக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது? அடுத்து இலக்கணப் பயிற்சிப் புத்தகம்: கோடிட்ட இடங்களை நிரப்பினான், அவ்வளவுதான். நீதிமொழிகளைப் பார்த்து எழுத வைத்தோம். கையெழுத்து திருந்தியது, சொந்த வாக்கியம் வரவில்லை.

பழைய நோட்டைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. பக்கத்துக்குப் பக்கம் மூன்றாவது வரியில் ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்திருந்தது. ஸ்பெல்லிங்குக்குப் பயந்து அழிக்கிறான். அழிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) சொன்ன முறைக்கு மாறினோம். ஒரே ஒரு தடவை வாசிப்பு. புத்தகத்தை மூடிவிட்டு வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறகு வாக்கியத்துக்கு மூன்று சொல் மட்டும் குறித்துக்கொண்டு, அதை வைத்து அவனே எழுதினான். பென்சிலுக்குப் பதில் பேனா. தப்பானால் ஒரு கோடு. எழுதி முடிக்கும்வரை யாரும் திருத்தக் கூடாது, இதுதான் முக்கியம்.

போன வாரம் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதினான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்பதை, வலை பின்னுவதை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வீட்டில் படிப்பவர்களும் எழுதக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் (NIOS) பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயதாக வேண்டும். இலக்கணத்தை அதற்குள் மெல்லச் சேர்த்துக்கொள்கிறோம்.