கிளாடியோலஸ் கிழங்கு அழுகுவது நின்றது

அடுத்த பருவத்தில் நடுவதற்காகத் தோண்டி எடுத்த கிளாடியோலஸ் பூச்செடியின் கிழங்குகள் பெட்டியில் அழுகிக்கொண்டே இருந்தன. மேல்தோல் நன்றாக இருக்கும். திருப்பினால் அடியில் நீலப்பச்சைப் பூஞ்சணம், தொட்டால் மெத்து.

முதலில் பூஞ்சைக்கொல்லித் தூள் தூவினேன். பயனில்லை. பெட்டியை மாற்றி, மரத்தூளுக்குப் பதில் செய்தித்தாள் போட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். வெயிலில் காயவைத்ததில் தோல் வெடித்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் கவனித்தேன்: பூஞ்சணம் எப்போதும் அடியில், போன பருவத்தின் பழைய கிழங்கு ஒட்டியிருக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. கிளாடியோலஸில் நட்ட கிழங்கு சுருங்கிப்போய், அதன் தலையில்தான் புதுக்கிழங்கு உருவாகும். சுருங்கிய அந்தத் தட்டையான பகுதி ஈரத்தைப் பிடித்துவைத்திருந்தது.

தோண்டிய உடனே தண்டை ஒட்ட வெட்டி, கழுவாமல், நிழலில் காற்றோட்டமாக ஒரே அடுக்காகப் பரப்பினேன். இரண்டு மூன்று வாரத்தில் பழைய கிழங்குக்கும் புதுக்கிழங்குக்கும் நடுவே காய்ந்துவிடும். அப்போது கட்டைவிரலால் நெம்பினால் பழையது சுத்தமாகக் கழன்று வரும். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். பிய்த்த காயம் வழியாகவும் அழுகல் நுழையும். மேலுள்ள நார்த்தோலை உரிக்கவில்லை. வலைப்பையில் போட்டு, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் தொங்கவிட்டேன். இந்த முறை எல்லாம் கெட்டி. அப்பாடா!

அடியில் கொத்தாக வரும் குட்டிக் கிழங்குகளைத் தனியே வைத்தேன். ஓடு கெட்டி என்பதால், விதைக்கும் முன் ஒருநாள் நீரில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். பூக்க எப்படியும் இரண்டு மூன்று பருவம் ஆகும்.